மரவையும் மானமும்

கடைதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலைகள் உண்டு. தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். வெண்ணெய் எடுக்கும் பெண்ணின் தொழிலையும், கட்டிற்காலுக்கு உருட்சி கொடுக்கும் தச்சனின் தொழிலையும் ஒரே வினைச்சொல்லால் வழங்குவது தற்செயலன்று. மின்சாரம் வருமுன் இருந்த கடைசற் பட்டறையை அறிந்தவர்க்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். மரத்துண்டை இரண்டு முளைகளுக்கு இடையே பொருத்துவர். அதன்மேல் கயிற்றைச் சுற்றுவர். ஒருவர் அக்கயிற்றை முன்னும் பின்னுமாக இழுக்க மரம் சுழலும். மற்றொருவர் உளி பிடித்துச் சீவுவார். மத்தில் கயிறு சுற்றி மோர் கடைவதும் இதே இயக்கந்தான்.

பாற்கடலைக் கடைந்ததாகச் சொல்லும் புராணத்திலும் ஒரு கயிறு உண்டு. அது பாம்பு என்பார்கள்; இருக்கட்டும். அக்கயிற்றை ஒருபுறம் தேவரும் மறுபுறம் அசுரரும் பிடித்து இழுத்தனராம். உழைப்பு இருவருடையது, திரண்ட அமுதமோ ஒரு சாராரின் வாய்க்கே போயிற்று. மற்றவர் சூழ்ச்சியால் ஏமாற்றப்பட்டனர் என்பதைக் கதை ஒளிக்கவும் இல்லை. இதைப் பக்தியோடு கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் நம்மவர், கயிறு இழுத்தவன் பங்கு என்னவாயிற்று என்று கேட்பது அரிது. ஏறத்தாழ அதே கேள்வியை நாம் இங்கே கேட்கப் புகுகிறோம். அமுதத்தைக் குறித்தன்று, அதனை ஏந்தும் கலத்தைக் குறித்து.

மரத்தைக் குடைந்தும் கடைந்தும் செய்த கலத்திற்கு மரவை என்று நம் மொழியில் பெயருண்டு. இன்று அச்சொல் பெரும்பாலும் அகராதியில் உறங்குகிறது. கேமரன் மலையின் வடபகுதியில், சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் சாலை மலையைத் தொடுமிடத்தில் உள்ள கம்போங் ராஜா போன்ற ஊரில், தேயிலைக்கும் காய்கறிக்கும் அப்பால் இளைஞர்க்கு ஒரு கைத்தொழில் தேடுவோர் கண்ணில் முதலில் படுவது மரமே. சுற்றிலும் மலைக்காடு, காற்றுக்குச் சாய்ந்த சாலையோர மரம், தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட முதிர்ந்த தேயிலைத் தூர். இவற்றைக் கடைந்து கிண்ணம் செய்யலாமே, மலை காண வருவோர் வாங்குவரே என்று எண்ணுவது இயல்பு. எண்ணம் நன்று. ஆயினும் உண்கலம் என்பது நம் மக்களுக்கு வெறும் விற்பனைப் பண்டமாக ஒருநாளும் இருந்ததில்லை. நெல்லை அளக்க ஒரு மரக்கால் இருந்தது போல, மனிதனை அளக்க அவன் கையிலிருந்த கலம் பயன்பட்டது. ஆகையால் கலத்தைச் செய்யத் தொடங்குமுன் கலத்தின் வரலாற்றைச் சற்று நோக்குதல் வேண்டும்.

மனுநூலைப் புரட்டிப் பாருங்கள். துறவி உலோகக் கலம் ஏந்தலாகாது. சுரைக்குடுக்கை, மரக்கலம், மட்கலம், மூங்கிற்கலம் இவையே அவனுக்கு உரியன என்று ஆறாம் அத்தியாயம் விதிக்கிறது. பத்தாம் அத்தியாயத்திற்கு வாருங்கள். சண்டாளர் ஊர்ப்புறத்தே வாழவேண்டும், உடைந்த கலத்தில் உண்ணவேண்டும் என்கிறது. இரண்டும் எளிய கலங்களே. ஒன்றை ஏந்தினவனைக் கண்டால் வணக்கம். மற்றதை ஏந்தினவனைக் கண்டால் விலக்கம். இவ்விரண்டுக்கும் முன்னே ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மரக்கலம் தீட்டுப்பட்டால் அதனைச் சீவித் தூய்மை செய்க என்பது அங்குள்ள விதி. ஒவ்வொரு தீட்டுக்கும் ஒரு சீவல்! சீவச் சீவக் கலம் மெலிந்து, கடைசியில் தூய்மை மிஞ்சும். கஞ்சி ஊற்றக் கலம் மிஞ்சாது போலும்.

இவை பழைய ஏடுகளில் கிடந்து மக்கிய விதிகள் என்று தள்ளிவிட முடியுமா? 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, முழங்காலுக்குக் கீழே ஆடை இறங்கலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது. இவற்றோடு, வீட்டில் மட்கலமன்றி வேறு கலம் புழங்கலாகாது என்பதும் ஒன்று. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை இந்தியா முழுமைக்கும் நடத்திய ஹட்டன் என்னும் அதிகாரி இதனை எழுதி வைத்திருக்கிறார். 1935 நவம்பரில் குஜராத்தில், அகமதாபாத் மாவட்டத்து ஜானு என்னும் சிற்றூரில், தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் சற்று வசதியுள்ள பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினர். அக்குற்றத்திற்காக அவர்கள் அடிக்கப்பட்டனர். டாக்டர் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் இச்செய்தியைக் காணலாம். குடத்தில் இருந்தது அதே தண்ணீர். குடம் மாறியதே பொறுக்கவில்லை.

இத்தகைய ஊர்களிலிருந்து கப்பலேறியவர்தாம் மலாயாவின் காட்டை வெட்டித் தோட்டமாக்கினர். தாய்நாட்டுத் தேநீர்க் கடையில் அவர்களுக்குக் கிடைத்தது தேங்காய்ச் சிரட்டை; பிற்காலத்தில் கண்ணாடிக் குவளை வந்தபோது அதிலும் அவர்களுக்கெனத் தனிக் குவளை. கடல் கடந்தும் இவ்வழக்கு முற்றும் கரைந்துவிடவில்லை. சாதிக்கொரு லயமாகப் பிரித்துவைத்த தோட்டங்கள் இங்கும் இருந்தன. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியபோதும், 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியபோதும் அவர்கள் எதிர்த்து நின்ற பகைகளில் இதுவும் ஒன்று.

இனி நம் கேள்விக்கு வருவோம். துறவியின் மரவையும், இராமநாதபுரத்து ஏழையின் மட்சட்டியும் விலையில் ஒன்று, எளிமையில் ஒன்று. பின் ஏன் ஒன்று பெருமையாயிற்று, மற்றது இழிவாயிற்று? பொருளை ஆராய்ந்தால் விடை கிடைக்காது. மண்ணிலும் மரத்திலும் இழிவு இல்லை. துறவி விரும்பியிருந்தால் வெண்கலத்தில் உண்டிருக்கலாம், வேண்டாமென விடுத்தான். ஏழை வெண்கலத்தை விரும்பினான்; விரும்பியதற்காக அடிபட்டான். ஒருவன் கலத்தைத் தானே தெரிந்துகொண்டான். மற்றவன்மேல் கலம் சுமத்தப்பட்டது. இத்தெரிவுரிமை இருக்குமிடத்தில் எளிமை ஓர் அறம். அஃது இல்லாத இடத்தில் அதே எளிமை ஒரு தண்டனை. எளிய வாழ்வைப் போற்றிப் பேசும் அன்பர்கள் இவ்வேற்றுமையை மறந்துவிடுகின்றனர். எவர்சில்வர் தட்டும் பிளாஸ்டிக் குவளையும் வாங்கி அடுக்கிய தோட்டத்துப் பாட்டியைப் பார்த்து, "மண்ணும் மரமும் அல்லவா உடலுக்கு நல்லது! இந்தத் தகரத்தை ஏன் கட்டி அழுகிறாய்?" என்று நகரத்துப் பேரன் கேட்கிறான். அவன் கேட்பதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பளபளக்கும் அத்தட்டு அவளுக்கு வெறும் தட்டன்று. எவரையும் கேளாமல் தன் கூலியில் தானே தெரிந்தெடுத்து வாங்கிய பொருள். அதனை ஏளனம் செய்யும் உரிமை பேரனுக்கு இல்லை என்பதே நம் கருத்து.

எனின், தெரிவுரிமை உள்ளவன் எளிய கலத்தைத் தெரிந்துகொண்டால் அஃது எப்போதும் அறமாகிவிடுமா? இங்கேதான் சிக்கல். பௌத்த விநய நூலிலுள்ள ஒரு கதை இதனைத் தெளிவாக்கும். இராசகிருகத்துச் செட்டி ஒருவனுக்கு விலையுயர்ந்த சந்தனக் கட்டை கிடைத்தது. அதில் ஒரு திருவோடு செய்விப்போம், சீவலை நாம் வைத்துக்கொள்வோம், ஓட்டைத் துறவிக்குத் தானம் செய்வோம் என்று எண்ணினான். செய்தும் முடித்தான். ஆனால் கொடுத்த முறையைப் பாருங்கள்! உயர்ந்த மூங்கிற் கம்பத்தின் உச்சியில் அதனைத் தொங்கவிட்டு, சித்தி பெற்றவர் எவரேனும் இருந்தால் எடுத்துக்கொள்க என்றான். பிண்டோல பாரத்துவாசர் என்னும் பிக்கு வான்வழி எழும்பி அதனை எடுத்து வந்தார், ஊரே ஆரவாரித்தது. செய்தி கேட்ட புத்தர் மகிழவில்லை. அற்ப மரக்கலம் ஒன்றுக்காக வித்தை காட்டினீரே என்று கடிந்து, அவ்வோட்டை உடைத்துப் பொடியாக்கி, கண்மருந்தில் நறுமணத்திற்குச் சேர்க்கக் கொடுத்துவிட்டார். அன்றுமுதல் பிக்குகள் மரக்கலம் ஏந்தலாகாது என்றும், இரும்போ மண்ணோ போதும் என்றும் விதியாயிற்று.

வான்வழி எழும்பியதை நாம் நம்பவேண்டியதில்லை. கதையின் சாரம் வேறு. மரக்கலம் எளிமைக்கு அடையாளம் என்றிருந்தது. அவ்வடையாளத்தையே சந்தனத்தில் செய்து கம்பத்தின் உச்சியில் தொங்கவிட்டபோது எளிமை ஆடம்பரத்தின் வேடமாயிற்று. புத்தர் உடைத்தது மரத்தையன்று, அவ்வேடத்தை. இன்று சுற்றுலாக் கடைகளில் மெருகேற்றிய சிரட்டைக் கிண்ணங்கள் நல்ல விலைக்கு விற்கின்றன. இயற்கைப் பொருள் என்று பெருமையோடு வாங்கிச் செல்கின்றனர். வாங்குவோரைக் குறை கூறவில்லை; அழகிய பொருள்தான். ஆயினும் சிரட்டையில் தேநீர் வாங்கிக் குடித்தவரின் பேரப்பிள்ளை அக்கடையைக் கடந்து போகையில், அவன் நெஞ்சில் எழுவது வாங்குவோன் நெஞ்சில் எழுவதன்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இவ்வளவும் கேட்டபின், "ஆகவே மரவை வேண்டாம் என்கிறீர்களா?" என்று நேயர் வினவலாம். இல்லை. வேண்டும் என்றே சொல்கிறோம். கடைசல் ஓர் அருந்தொழில். சுமத்தப்பட்ட கலமாகவும் இராமல், கம்பத்தில் தொங்கும் கலமாகவும் இராமல், ஒரு மரவை நேர்மையான கலமாக இருக்க முடியும். அதற்கு அது சில கணக்குகளைக் காட்டியாக வேண்டும். அவற்றுள் முதலாவது மரத்தின் கணக்கு.

ரப்பர் மரத்தை எடுத்துக்கொள்வோம். மலையுச்சியில் அது விளைவதில்லை, கீழ்நாட்டு மரம். பிரேசில் நாட்டு விதைகளை விக்காம் என்பார் 1876இல் இலண்டனுக்குக் கொண்டுபோக, மறு ஆண்டு அவற்றின் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் நாடு முழுதும் பரவிய அம்மரத்தின் அடியில் நம் மக்களின் மூன்று தலைமுறை நின்றது. விடியுமுன் எழுந்து, பட்டையில் மெல்லிய கோடு சீவி, பால் எடுத்தனர். இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் பால் வற்றும். மரத்தை வெட்டி மறுநடவு செய்வர். வெட்டிய மரம் நெடுங்காலம் அடுப்புக்கும் சூளைக்குமே போயிற்று. காரணம் உண்டு. அம்மரத்தில் மாவுச்சத்து மிகுதி, வெட்டிய சில நாட்களில் நீலப் பூஞ்சை படரும், வண்டு துளைக்கும். 1970களுக்குப் பின், போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி உடனே உலர்த்தும் முறை பரவியபிறகு, அவ்விறகே நாற்காலியும் மேசையும் கிண்ணமுமாயிற்று. இன்று மலேசியாவிலிருந்து ஏற்றுமதியாகும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி ரப்பர் மரமே. காட்டை அழிக்காமல், பயன் முடிந்த மரத்தைப் பயன்படுத்துவதால் இஃது உயர்ந்தது என்று உலகம் பாராட்டுகிறது. பாராட்டு தகும். ஆனால் மரத்திற்குக் கிடைத்த இந்த இரண்டாம் வாழ்வு, பால் வெட்டிய மனிதனுக்குக் கிடைத்ததா? தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் லயத்தை விட்டு வெளியேறியவன், பயன் முடிந்த மரத்தினும் கீழாக எண்ணப்பட்டான். ரப்பர் மரக் கிண்ணத்தைக் கையிலெடுப்போர் இதனையும் சேர்த்து எடுக்கிறார்கள்.

மலைக்குத் திரும்புவோம். கம்போங் ராஜாவைச் சுற்றியுள்ள உயர்காட்டில் ஓக் இனத்து மரங்களும் இலவங்க இனத்து மரங்களும் வளர்கின்றன. குளிரில் மெல்ல வளர்ந்த மரம், கடைசலுக்கு வாய்ப்பானது. ஆனால் காடு கேட்பாரற்ற பொருளன்று. 1984ஆம் ஆண்டுத் தேசிய வனவியல் சட்டப்படி நிரந்தரக் காப்புக் காட்டிலோ அரசு நிலத்திலோ உரிமமின்றி மரம் எடுப்பது குற்றம். சட்டத்திற்கும் முந்திய உரிமையுடையார் சிலர் உண்டு. அம்மலையில் நமக்கு முன்னரும், வெள்ளையர் வில்லியம் கேமரன் 1885இல் அளக்க வருமுன்னரும் வாழ்ந்த தெமியார், செமாய் மக்கள் அவர்கள். மூங்கிற் குழாயிலேயே நீர் சுமந்து, அதிலேயே சோறும் சமைப்பது அவர்களது பழைய முறை. வெட்டினும் மீண்டும் தளிர்விடும் மூங்கிலைக் கலமாகக் கொண்டவர் முன்னே, நூற்றாண்டு மரத்தை வெட்டிக் கிண்ணம் செய்து, இயற்கையைப் போற்றுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வது நகைப்புக்கிடமாகும்.

மரம் போனால் மலை என்னவாகும் என்பதும் அங்குள்ளோர் அறியாததன்று. காடழிந்த சரிவுகளின் மண் ஆறுகளில் இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கத்தைத் தூர்த்தது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அவ்வணையின் நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. 2024 ஜனவரியில் கம்போங் ராஜாவை அடுத்த புளூ வேலியில் அதிகாலை நிலச்சரிவு ஏற்பட்டுத் தொழிலாளர் குடியிருப்பைப் புதைத்தது. மாண்ட ஐவரும் மியன்மார் நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு கிண்ணத்திற்காக மலை சரிவதில்லை, உண்மைதான். கிண்ணத்திற்காக எவரும் காட்டை அழிப்பதும் இல்லை. ஆயினும் சிறு தொழில் செய்வோன், "என் பங்கு சிறிது" என்று சொல்லிக் கணக்கிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளலாகாது. புயலில் விழுந்த மரம், சாலைக்கு இடையூறென நகராட்சியார் வெட்டிய மரம், மறுநடவுக்காகப் பிடுங்கிய தேயிலைத் தூர் இவற்றைக் கேட்டு வாங்கிச் செய்தாலே ஒரு பட்டறைக்கு வேண்டியது கிடைக்கும். தேயிலையைச் செடி என்று எண்ணுகிறோம். கவாத்துச் செய்யாமல் விட்டால் அது மரமாகும். ஐம்பது அறுபது ஆண்டு கவாத்துக் கத்திக்குக் குனிந்து நின்ற தூர், பருத்து முறுகி, கனத்துக் கிடக்கும். அதில் பெரிய கிண்ணம் வாராது. உப்புக் கிண்ணம் வரும்.

தொழில் முறையைப் பற்றியும் சில சொல்வோம். பச்சை மரத்தை ஒரேயடியாகக் கடைந்து முடித்தால் உலரும்போது கோணிவிடும். வட்டம் முட்டை வடிவாகும். ஆதலால் முதலில் கனமாகக் கடைந்து வைப்பர். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கனம் என்பது கடைசற்காரர் கணக்கு. ஓரடிக் கிண்ணமாயின் சுவர் ஓரங்குலத்திற்குச் சற்று மேல். அதனை அதன் சீவலிலேயே புதைத்தோ, தாளிற் சுற்றியோ, ஓரங்களில் மெழுகு தடவியோ சில மாதங்கள் நிழலில் விடுவர். அது கோணவேண்டிய அளவு கோணி அடங்கியபின் மீண்டும் கடைசலில் ஏற்றி மெல்லிதாக்குவர். மலைப்பனியில் இது மேலும் தாமதமாகும். அவசரப்படுவோர்க்கு ஏற்ற தொழிலன்று. மரத்தை அறிதலும் வேண்டும். ரெங்காஸ் மரத்தின் செந்நிறம் கண்ணைப் பறிக்கும். அதன் சாறோ தோலைக் கொப்புளிக்கச் செய்யும். அழகைக் கண்டு அதில் உண்கலம் கடைவது பேதைமை.

தாய்நாட்டில் அம்பாசமுத்திரத்தில் இன்றும் மரச் சொப்புகள் கடைகிறார்கள். அடுப்பு, குடம், பானை, அம்மி என்று விரலளவில் ஒரு முழு அடுக்களை. சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்கை வைத்து அழுத்த, உராய்வின் சூட்டில் அது உருகி ஏறும். பெரியவர்களின் அடுக்களையிலிருந்து போய்விட்ட மரக்கலம் குழந்தைகளின் கையில் மட்டும் தங்கியிருப்பது நோக்கத்தக்கது. சொப்பு விளையாட்டில் இல்லாத சோற்றை ஆக்கி எல்லோர்க்கும் படைக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுப் படைப்பதில்லை. பெரியவர்கள் வந்து கற்பிக்கும்வரை.

நம் நாட்டில் கடைசல் குறிப்பிட்ட ஒரு குலத்தாரின் தொழிலென வகுக்கப்பட்டிருந்தது. அத்தொழில் நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்க்கு நன்றி உரியது. ஆனால் பிறர் அந்த உளியைத் தொடலாகாது என்பதும், அக்குலத்துப் பிள்ளை வேறொன்றைத் தொடலாகாது என்பதும் அறிவுக்குப் பொருந்தா. மின்விசையால் சுழலும் கடைசல், பிடித்தவன் எக்குலம் என்று கேட்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பெண்ணொருத்தி அதனைக் கற்றால் கிண்ணம் கோணப்போவதும் இல்லை. மேசையருகே அமர்ந்து செய்யும் வேலையே வேலை, கை அழுக்காகும் வேலை கூலிக்காரன் வேலை என்று நம்மிடையே படித்தவர் பலர் எண்ணுகிறார்கள். அது பழைய வருணத்தின் புதிய சட்டை.

எல்லாக் கணக்கும் நேராயிருந்தும், கடைசியில் அக்கிண்ணம் யார் கைக்குப் போகிறது என்பது எஞ்சி நிற்கிறது. இன்று மலைத்தோட்டங்களில் கொழுந்தெடுப்போரில் வங்காளதேசத்தார், நேபாளத்தார், இந்தோனேசியர் மிகுதி. நம் பாட்டன்மார் விட்டுச் சென்ற லயத்தின் வழியே, அதே கூடையைச் சுமந்து அவர்கள் நடக்கிறார்கள். தோட்டத்தை விட்டு நகரம் வந்து, கல்வியால் முன்னேறி, நல்ல வீடு கட்டிய நம்மவர் பலர் வீட்டில் துணி துவைக்கவும் தரை கூட்டவும் அயல்நாட்டுப் பெண் வருகிறாள். கூடத்து அலமாரியில் விலைகொடுத்து வாங்கிய மரவை ஒன்று எண்ணெய் மினுமினுக்க வீற்றிருக்கிறது. வந்த விருந்தினர் எடுத்துப் பார்த்து வியக்கின்றனர். வேலை முடித்த அப்பெண்ணுக்கும் தேநீர் கொடுக்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. அவள் குடித்து முடித்துக் கழுவிய குவளை, மற்றக் குவளைகளோடு அதே தட்டில் ஏறுகிறதா, அல்லது பின்கட்டில் குழாயடியில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா?